நூற்று நாற்பத்தொன்பதாவது மழை நாள்

அந்த மலைத்தொடருக்கு இரண்டு முகங்கள். மேகம் ஏறி வந்து முட்டும் மேற்குப் பக்கம் ஈரச்சரிவு. அங்கே கூரைகள் செங்குத்தாக இறங்கும், சுவர்களில் இடுப்பளவுக்குப் பாசி ஏறியிருக்கும். வீட்டுக்கு அடித்தளம் போடுவதற்கு முன்பே சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். முகட்டைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே இறங்கினால் வறண்ட சரிவு. அங்கே மொட்டைமாடிகளும் ஆழக் கிணறுகளும்தான். ஒரு பக்கம் துவைத்த துணி காயவில்லையே என்று புலம்புவார்கள், மறுபக்கம் துவைக்கத் தண்ணீர் இல்லையே என்று. இரண்டு சரிவுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால், தான் தவறான பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டதாக நினைக்கும் ஒருவராவது எல்லா வீட்டிலும் உண்டு.

இரண்டு சிகரங்களுக்கு நடுவே தொடர் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும் இடம் கணவாய். பேருந்து திணறி ஏறி வந்து மூச்சு வாங்கும் இடம். அங்கே ஒரு டீக்கடை, சாலைத்துறையின் கருவி அறை, அதன் பின்னால் வேலி போட்ட சின்ன முற்றம். முற்றத்தின் நடுவில் மழைமானி. அதில் மழையை அளக்கும் பெண்ணை ஊரே மழையக்கா என்றுதான் கூப்பிடும்.

காலை எட்டரை மணிக்கு மழையக்கா மழைமானியின் புனலைக் கழற்றுவார். அடியில் இருக்கும் குப்பியை எடுத்து, தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்துப் பதிவேட்டில் எழுதுவார். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது தம்பியை அனுப்பினார். அவன் வந்து சொன்ன எண்ணை நம்பவில்லை. அளந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வரச் சொல்லி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் அளந்தார். தம்பி சொன்னது சரிதான். "தற்செயலா சரியா இருக்கு" என்றார்.

ஈரச்சரிவில், தம்பியின் வீடு உட்பட நாற்பது வீடுகள் இருந்தன. அந்த வீடுகளின் தலையெழுத்து மழையக்காவின் பதிவேட்டில் இருந்தது. இரண்டரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அது மழை நாள். தொடர்ந்து இரண்டு வருடம் மழை நாட்கள் நூற்றைம்பதை எட்டினால், அந்தச் சரிவில் மண் காய இடைவெளியே இல்லை, சரியும் ஆபத்து உண்டு என்று அரசு அலுவலகம் முடிவு செய்யும். நாற்பது வீட்டையும் காலி செய்து எல்லோரையும் வறண்ட சரிவில் குடியேற்றிவிடும். போன வருடம் நூற்று ஐம்பத்திரண்டு. இந்த வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது, கணக்கு நூற்று நாற்பத்தொன்பதில் நின்றது.

"அக்கா, நேத்து எவ்வளவு?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"மூணு. அதையும் சேத்துத்தான் நூத்தி நாப்பத்தொன்பது."

"மூணா? நான் வாசல்ல பாத்திரம் கழுவி வெளியவே கவுத்திருந்தேன். சொட்டு விழலையே. உங்க வேலிக்குள்ள மட்டும் தனி வானமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மழையக்கா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்கும் இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதே அவர் கண்டுபிடித்திருந்த பதில்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் புனலுக்குள் ஒரு குச்சி கிடந்தது. காகம் போட்டதாகவும் இருக்கலாம், ஆனால் காகத்தின் மேல் பழி போட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் அல்ல மழையக்கா. வேலியின் நான்கு கம்பங்களுக்கும் மேலே கூரை மாதிரி ஒரு கொசுவலையை இழுத்துக் கட்டினார். மழை உள்ளே போகும், கை போகாது. அடுத்த வருடம் சந்தேகம் கூடியதும் இரண்டாவது வலை. இந்த வருடம் கதவுக்குப் பூட்டும், அதற்கு மேல் மூன்றாவது வலையும்.

ஊற்றுவது யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. தம்பி பெண்டாட்டிதான். வறண்ட சரிவில் பிறந்தவள். பிறந்த வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கோ தன் படிக்கட்டு வயலை விட்டு ஒரு அடி நகர மனமில்லை. அவள் துணி துவைக்கும் கல், மழைமானி வேலியிலிருந்து இருபது அடியில் இருந்தது. வாளியும் தண்ணீரும் அவள் கையிலேயே இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

ஒரு சாயங்காலம் மழையக்கா வேலியைச் சுற்றிலும் சாம்பலைச் சலித்துத் தூவினார். மறுநாள் காலை சாம்பலில் ஒரு காலடி இல்லை, சுண்டெலியின் தடம்கூட இல்லை. குப்பியில் மட்டும் இரண்டு புள்ளி நான்கு இருந்தது. மழை நாளாவதற்கு ஒரு இழை குறைவு. அவர் நேராகத் துவைக்கும் கல்லுக்குப் போனார்.

"எப்படிம்மா பண்ற? கம்பு வச்சா, குழாய் வச்சா?"

தம்பி பெண்டாட்டி சட்டையை அலசிக்கொண்டே நிமிர்ந்தாள். "என்ன அண்ணி பண்றேன்?"

"மழை."

"ஆமா, காலைல எழுந்ததும் மழை பண்ணிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறேன். உங்க தம்பிகிட்ட கேளுங்க." சட்டையைப் பிழிந்து உதறினாள். "சாம்பல் தூவுனீங்களாமே. கோலம் போடறீங்கன்னு நினைச்சேன்."

"வாய் மட்டும் குறையல."

"குறைக்கிறேன். நாளைக்கு விடிஞ்சதும் வர்றேன். ரெண்டு பேரும் எட்டரை வரைக்கும் ஒண்ணா உட்காரலாம். என் கை உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும். அப்பவும் தண்ணி ஏறலன்னா, ஊத்துறது நான்தான்னு என் கழுத்தைப் புடிங்க."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் ஒரு முக்காலியோடு வந்தாள். மழையக்கா முதலில் அவள் முக்காலியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குப்பியை எடுத்துக் கவிழ்த்துத் துணியால் உள்ளே துடைத்து, காய்ந்திருப்பதை அவளுக்கும் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். இருவரும் வேலிக்கு வெளியே எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

ஈரச்சரிவிலிருந்து மேகம் ஏறி வந்தது. கணவாயின் வாய் குறுகலானது. சரிவு முழுக்கப் பரவியிருக்கும் மேகமெல்லாம் அந்த ஒரு வாய் வழியாகத்தான் கிழக்கே போயாக வேண்டும். அது டீக்கடையை மறைத்தது, கருவி அறையை மறைத்தது, இருவருக்கும் நடுவே புகுந்து போனது. மழை இல்லை. நீட்டிய உள்ளங்கை காய்ந்தே இருந்தது.

"சளி புடிச்சா மருந்துச் செலவு உங்களோடது" என்றாள் தம்பி பெண்டாட்டி. பிறகு மெதுவாக, "அண்ணி, மேல பாருங்க. உங்க திருடன் அங்க தொங்குறான்" என்றாள்.

மூன்று வலைகளும் வெளுத்திருந்தன. ஒவ்வொரு கண்ணியிலும் கடுகளவு நீர். மேகம் கடக்கக் கடக்கக் கடுகு மிளகானது. வலை நடுவில் தொய்ந்திருந்த இடத்துக்கு எல்லாம் உருண்டு வந்து சேர்ந்து சொட்டியது. அந்தத் தொய்வுக்கு நேர் கீழே புனல்.

எட்டரைக்கு மூன்று புள்ளி ஒன்று.

மழையக்கா கருவி அறைக்குள் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். முதல் வலை கட்டிய மாதத்திலிருந்து கணக்கு எகிறியிருந்தது. இரண்டாவது வலை கட்டியதும் இன்னொரு எகிறல். மூன்றாவதற்கு மூன்றாவது. அவர் சந்தேகப்பட்ட அளவுக்கு மழை பெய்திருந்தது.

தம்பி பெண்டாட்டி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "இன்னைக்கோட நூத்தைம்பது, இல்ல?"

"எழுதினா."

"எழுதுங்க. குப்பில தண்ணி இருக்கு, நீங்க ஊத்தல, நானும் ஊத்தல. மேகம் கொடுத்தது. அதை ஏன் மழை இல்லன்னு சொல்லணும்?"

"வலை இல்லன்னா அந்தத் தண்ணி குப்பிக்கு வராது. பக்கத்து மண்ணு காஞ்சு கிடக்கு."

"என் வீட்டுக்குப் பின்னாடி ஊத்து போன ரெண்டு மழையா மண்ணு கரைஞ்சு கலங்கி வருது அண்ணி. பிள்ளைங்க படுக்கிற சுவர்ல விரல் போற அளவுக்கு விரிசல். அதை அளக்க உங்ககிட்ட குடுவை இருக்கா?" அவள் குரல் உயரவில்லை. "உங்க தம்பி நிலத்தைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க."

"அவன் நிலம் எனக்கு எதுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மழையக்கா பேனாவைத் திறந்தார். மழை அளவு கட்டத்தில் கோடு போட்டார். குறிப்புக் கட்டத்தில், வலையில் தேங்கிய மேக நீர், மழை அல்ல என்று எழுதினார். வலை கட்டிய மூன்று தேதிகளையும் எழுதினார். பிறகு, அதுவரை எந்த நாளும் செய்யாத ஒன்றாக, கட்டத்தை மீறி ஓரத்தில் எழுதினார்: நாற்பது வீடுகள் உள்ள சரிவில் ஊற்று கலங்கியுள்ளது, சுவரில் விரிசல், நேரில் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் வந்தார். வலைகளைத் தொட்டுப் பார்த்தார், மழையக்காவையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி பதினேழு வருஷம் எழுதினதும் இப்படித்தானா?"

"அப்போ வலை இல்லைங்க."

"வலை இல்லைன்னு நீங்கதானே சொல்றீங்க."

அவர் வலைகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு வருடக் கணக்கையும் சிவப்பு மையால் அடித்தார். நாற்பது வீடுகள் பட்டியலுக்குப் போகவில்லை. புதிதாக இரண்டு வருடம் எண்ண வேண்டும் என்றார். விரிசலையும் ஊற்றையும் போய்ப் பார்த்தார். மூன்று வீட்டுச் சுவர்களில் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டச் சொன்னார். விரிசல் அகன்று கண்ணாடி உடைந்தால் அன்றே காலி செய்ய வேண்டும், எந்தக் கணக்குக்கும் காத்திருக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு வயல் தப்பியதில் சந்தோஷம். அவன் பெண்டாட்டி அன்று அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் வேலிக் கதவருகே நின்றாள். முந்தைய இரவு உண்மையாகவே மழை பெய்திருந்தது.

"என்னம்மா?" என்றார் மழையக்கா.

"இனிமே நீங்க குறைச்சு எழுத மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? நானும் பாக்கணும்."

அவள் இடத்தில் இருந்தால் மழையக்காவும் அதையேதான் கேட்டிருப்பார். குடுவையைக் கல்மேல் சமமாக வைத்து நகர்ந்துகொண்டார். தம்பி பெண்டாட்டி புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"பதினெட்டு."

"ஓரத்துல ஏறி நிக்கிறதைப் பாக்காத. நடுவுல பள்ளமா இருக்கு பாரு, அதைப் படி."

அவள் இன்னும் தாழ்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். "பதினேழு புள்ளி ஆறு."

மழையக்காவும் குனிந்து பார்த்தார். பதினேழு புள்ளி ஆறுதான். பதிவேட்டில் எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"பக்கத்துல கையெழுத்து போடு. நாளைக்கு நேரத்துக்கு வா, உனக்காக நான் காத்திருக்க மாட்டேன்."