பத்து லிட்டருக்குள் மலைத்தடம்

வலது காலின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அக்கா சாவியைத் திருகுவார். "செருப்போட மிதிச்சா எவ்வளவு மிதிக்கிறோம்னே தெரியாது." எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஊர் ஊராகப் போய் ரத்த மாதிரிகளை எடுத்துவரும் காரின் ஓட்டுநர் அவர். பாட்டுப் போட விடமாட்டார். இன்ஜின் சத்தம் காதில் விழ வேண்டும். இரைச்சல் ஏறுவதற்குள் அடுத்த கியர் விழுந்திருக்கும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழும்பிவிடும்.

மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எறும்பு'. "எறும்பு எங்கயாவது வழியில நின்னு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

போன மாதம் ஒரு நடைக்குப் பத்து லிட்டர் பெட்ரோல்தான் என்று உத்தரவு வந்தது. மலைமேல் இருக்கும் சிறு மருத்துவமனைக்குப் பன்னிரண்டு ஆகும். அந்தத் தடத்தையே நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர்.

"அங்க பாதிப் பேரு புள்ளத்தாச்சிங்க சார். ரத்தம் குடுக்க அவங்க கீழ இறங்கி வரணுமா? பத்துக்குள்ள நான் போயிட்டு வரேன். நீங்களும் ஏறுங்க."

டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் மேலாளர், பின்னால் மாதிரிப் பெட்டியோடு நான். சமதரை முழுக்க, பெட்ரோலை மிச்சப்படுத்தும் எக்கோ மோடு. அடிவாரத்தில் அக்கா அதை அணைத்துவிட்டு மூன்றாம் கியருக்கு இறங்கினார். மேலாளர் பதறிப்போனார்.

"என்னம்மா, எக்கோவை எடுத்துட்டீங்க?"

"ஏத்தத்துல அது சோம்பேறி சார். நாலாவதுல திணற விட்டு அழுத்தி மிதிச்சா இன்னும் குடிக்கும்."

மாதிரிகளை வாங்கிக்கொண்டு இறங்கும்போது மேலாளர் மறுபடியும் ஆரம்பித்தார். "நியூட்ரல்ல விடுங்க, மிச்சமாகும்."

"மாட்டேன் சார். கியர்ல வச்சுக் காலை எடுத்துட்டா இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. நியூட்ரல்ல சும்மா கெடந்தாலும் குடிக்கும். பிரேக்கும் தீஞ்சிடும்."

பாதி வழியில் ஒரு லாரி குறுக்கே சிக்கி நின்றது. அக்கா இன்ஜினை அணைத்தார். அரைமணி நேரம். மேலாளரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

"ஏசியாவது..."

"ஜன்னல் இருக்கு சார்."

கிளம்பிய அதே பங்கில் மறுபடி டேங்கை நிரப்பினோம். மூன்று பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்பது புள்ளி ஏழில் நின்றது. மேலாளர் பானெட்டின் மேல் தாளை விரித்து, 'மலைத்தடம் தற்காலிகமாகத் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா வாங்கிப் படித்தார். பிறகு மேலாளர் கையிலிருந்த பேனாவை எடுத்து, 'தற்காலிகமாக' என்ற சொல்லை ஒரே கோடாக அடித்து, அதன் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.