பேனாட் சொல்லாமல் விடும் இடம்

"பதினெட்டு வயசுப் பொடியன், அண்ணை! எங்கட பிள்ளையள் அந்த வயசிலை லைசன்ஸ் எடுக்கப் படுற பாடு தெரியும்தானே. உவன் உலகத்தையே எடுத்தவன்" என்று பேனாட் கையிலிருந்த டோனட்டைத் தூக்கிக் காட்டுகிறார். எதிரே இருக்கும் சண்முகலிங்கம் இந்த ரோமாபுரி ராசா கதையைப் பலமுறை கேட்டவர். ஆனாலும் கோப்பி பேனாட்டின் செலவு என்பதால், இன்றைக்குத்தான் கேட்கிறவரைப் போல வாயைப் பிளக்கிறார்.

பேனாட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பிற்பகல் ஏற்றப் போகும்வரை யூனியன்வில் கோப்பிக் கடையின் மூலை மேசைதான் அவருக்கு ரோமாபுரி. மேசையில் நூலகத்திலிருந்து எடுத்த தலையணைப் பருமனான புத்தகம் ஒன்று கிடக்கும். விளங்காத சொல்லுக்குக் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்ப்பார். பிடித்த இடம் வந்தால் தொடையில் தட்டிக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் ஒரு வசனத்தில் தொடங்கியது. தேவாலய மண்டபத்தில் வருடா வருடம் இயேசு பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்தில் முதலில் வருகிறவர் அந்த ரோமாபுரி ராசா அகுஸ்து. குடிசனக் கணக்கெடுக்கச் சொல்லிக் கட்டளை போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். உயரமும் கட்டைக் குரலும் இருந்ததால் அந்த வேடம் பேனாட்டுக்கு வாய்த்தது. ஒரு வசனம் பேசுகிறவருக்கு அந்த மனிதன் யார், எப்படி ராசாவானான் என்று தெரிய வேண்டாமா? தேடத் தொடங்கினார். வீட்டில் வேரோனிக்காவுக்குத்தான் அலுத்துவிட்டது. "சோறு போட்டாலும் ரோமாபுரி, கறி போட்டாலும் ரோமாபுரி. நான் ஒரு மனுசரைத்தான் கட்டினனான்" என்பார்.

ஆனால் சொல்லும்போது கேட்கவேண்டும். அம்மம்மாவின் தம்பியான சீசரைச் சபையில் வைத்துக் குத்திக் கொன்றுவிட்டார்கள். உயிலில் இந்த நோஞ்சான் பொடியனின் பெயர் இருக்கிறது. "வேண்டாம் ராசா, உந்தப் பேரை எடுத்தியெண்டால் உன்னையும் குத்துவாங்கள்" என்று தாய் மன்றாடுகிறாள். தாயின் குரலைப் பேனாட் மெலிதாக்கிப் பேசுவார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாம் கைக்கு வந்த பிறகு, "எனக்கு அதிகாரம் வேண்டாம், எடுங்கோ" என்று அவன் சபையிடம் நீட்டியதையும், சபை கும்பிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்ததையும் சொல்லிவிட்டுச் சிரிப்பார். "வேண்டாம் வேண்டாமெண்டே முழுக்க எடுத்தவன். அவனைப் பாடிப் புலவர்மார் காவியமே எழுதிப்போட்டினம்."

இப்போது ஆறு மாதமாகக் கதை அந்த இடத்துக்குப் போவதில்லை. ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவில் மூன்று பேர் கூடி அதிகாரத்தைப் பங்கு போடும் கட்டம் வரும். அங்கே பேனாட் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

"பிறகு?" என்பார் சண்முகலிங்கம்.

"பிறகென்ன, ராசாவா வந்திட்டான். பஸ் எடுக்க நேரமாச்சு."

நேரம் ஆகியிருக்காது. மஞ்சள் பஸ்ஸுக்குள் தனியே போய் உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தீவில் நடந்தது இதுதான். பொடியனைச் சபையில் தூக்கிவிட்டவர் ஒரு கிழவர், பெரிய பேச்சாளர். பொடியன் அவரை "அப்பா" என்று கூப்பிட்டுத் திரிந்தவன். மற்றவர்கள் அந்தக் கிழவரின் தலையைக் கேட்டார்கள். பொடியன் இரண்டு நாள் மாட்டேன் என்று நின்றான். மூன்றாம் நாள் ஓம் என்றான். பிற்காலத்தில் தான் செய்ததையெல்லாம் நீளமாக எழுதி வெண்கலத்தில் பொறிக்கவைத்தபோது, அந்தக் கிழவரின் பெயரை மட்டும் எங்கும் சேர்க்கவில்லை.

பேனாட்டுக்கும் ஒரு பதவி வந்தது. ஊர் ஒன்றியத்தின் தலைவர் பதவி. வெளியே கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். தீவுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து ரொறன்ரோ முழுவதும் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு அது சிரிப்பில்லை. அந்தோனியார் திருநாளும் நத்தாரும் ஒன்றியத்தின் கையில்தான்.

பேனாட்டைத் தலைவராக்க அலைந்தவர் நீக்கிலாஸ். பேனாட்டுக்கு எட்டு வயது மூத்தவர். ஸ்ரௌவ்விலில் தொடங்கி ஒஷாவா வரை தன் காரிலேயே வீடு வீடாகப் போய், "பேனாட்டைத் தலைவரா விடுங்கோ, நல்ல மனுசன்" என்று சொன்னவர். நாடகத்துக்கு வெள்ளைப் போர்வையை மடிப்பு மடிப்பாகக் கட்டி, தோளில் ஊசி குத்திப் பேனாட்டை ராசாவாக்குகிறவரும் அவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு கூட்டத்தில் எதிரணிக்காரன் றோயைப் பார்த்து, "நீ முதல்ல இரடா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். றோயின் பக்கம் பாதி ஒன்றியம் இருந்தது.

தேர்தலுக்கு முன்னர் றோய் தொலைபேசி எடுத்தான். "போட்டியில்லாமல் நீங்களே வாங்கோ அண்ணை. ஒண்டே ஒண்டு. நீக்கிலாஸ் கமிட்டியிலை இருக்கப்படாது. திருநாளிலை முன்தடியும் பிடிக்கப்படாது."

அந்தோனியாரின் சொரூபத்தை நாலு பேர் தோளில் தூக்கிப் பவனி வருவார்கள். வலப்பக்க முன்தடி நீக்கிலாஸின் தோளுக்கென்றே ஆகிப்போனது. கனடாவுக்கு வந்த நாள்முதல் அவர் வேறெதையும் தனக்கென்று கேட்டதில்லை.

"என்ன கதை கதைக்கிறாய்?" என்று பேனாட் சீறினார். அடுத்த நாளும் சீறினார். மூன்றாம் நாள், "சரி பாப்பம்" என்றார். அதை நீக்கிலாஸிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று திருநாளே வந்துவிட்டது.

அன்று நீக்கிலாஸ் வேட்டியோடு, தடி தோளை அழுத்தாமலிருக்கத் துவாயை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முன்தடியில் றோயின் மைத்துனன் நின்றான். நீக்கிலாஸ் பேனாட்டைப் பார்த்தார். தலைவர் பேனாட், மேலே கட்டியிருந்த மின்விளக்குச் சரத்தைச் சரிபார்ப்பதுபோல அண்ணாந்துகொண்டார். நீக்கிலாஸ் துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செபமாலை சொல்லிவந்த பெண்களுக்குப் பின்னால் நடந்தார். அதன்பிறகு ஒன்றியத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் அவர் வரவில்லை.

அடுத்த வாரம்தான் பேனாட் புத்தகத்தில் அந்தத் தீவுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அதுவரை, மூன்று பேர் கூடிப் பங்கு போட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கோப்பிக் கடையில் வைத்து வாசித்தார். காது சூடேறியது. யாரோ தன்னைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்பதுபோலப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தார். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். கிழவரின் பெயர் இன்றுவரை அவர் வாயில் வரவில்லை.

இந்த நத்தாருக்கு நாடகத்தைப் பழக்கியவர் கரோலின் ரீச்சர். "அங்கிள், நீங்கள்தான் எந்நேரமும் கதைக்கிறியளே. கட்டளைக்கு முதல், அகுஸ்து எப்பிடி ராசாவா வந்தவரெண்டு அஞ்சு நிமிசம் சொல்லுங்கோ" என்றார். பேனாட் மறுக்கத் தெரியாமல் தலையாட்டினார். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது தீவுக்கு முன்னாலேயே நிறுத்தினார். வேரோனிக்கா சட்டியைக் கழுவியபடி, "இவ்வளவும்தானோ?" என்று கேட்டார்.

நாடக நாளில் மேடைக்குப் பின்னால் போர்வையோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடத்தோளில் குத்தினால் வலத்தோள் சரிந்தது. அப்போது கரோலின், போர்வை கட்ட ஆள் வேண்டுமென்று கேட்டு நீக்கிலாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொன்தாள் முடியைச் சூடியிருந்த பேனாட் சரிந்த போர்வையைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"கையைத் தூக்கு" என்றார் நீக்கிலாஸ். ஊசிகளை உதட்டுக்குள் கவ்விக்கொண்டு மடிப்பெடுக்கத் தொடங்கினார்.

"அண்ணை, அந்தத் திருநாளிலை நான்..."

"ம்" என்றார் நீக்கிலாஸ். உதட்டில் ஊசி. கடைசி ஊசியைத் தோளில் குத்தி முடித்தபோது மணி அடித்துவிட்டது.

மேடையில் பேனாட் சொன்னார். உயிலைச் சொன்னார், தாய் மன்றாடியதைச் சொன்னார். தீவுக்கு வந்ததும் நின்றார். முன்வரிசையில் றோய் இருந்தான். ஓரத்திரைக்கு அருகே நீக்கிலாஸ் நின்றார்.

"தன்னைத் தூக்கிவிட்ட கிழவனை அவன் குடுத்திட்டான்" என்றார் பேனாட். "ரெண்டு நாள் மாட்டனெண்டு நிண்டவன். மூண்டாம் நாள் ஓமெண்டவன். அந்தாளுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முகத்தைக்கூடப் பாக்கேல்லை."

குரல் உடைந்தது. நல்ல நடிப்பு என்று மண்டபம் கைதட்டியது. றோயும் தட்டினான். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுவதுபோல இருந்தது பேனாட்டுக்கு. கட்டளையை வாசித்து முடிக்கும்வரை அவர் சிம்மாசனத்தில் உட்காரவேயில்லை.

உள்ளே வந்ததும் நீக்கிலாஸ் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டார். உதட்டில் இப்போது ஊசி இல்லை. போர்வையை உருவி உதறினார்.

"மற்றத் தலைப்பைப் பிடி" என்றார்.

பேனாட் இரண்டு முனைகளையும் பிடித்தார். போர்வை இருவருக்கும் நடுவே விறைப்பாக நின்றது. மடிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கிட்டப் போகவேண்டும். நீக்கிலாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். பொன்தாள் முடி இன்னும் தன் தலையில் இருப்பது பேனாட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்றுவதற்குக் கை இல்லை. முடி நழுவி நிலத்தில் விழும்வரை தலையைக் குனிந்தார். பிறகு முனைகளை நீட்டிப் பிடித்தபடி ஒரு அடி வைத்தார்.