வெள்ளிக்கிழமை மலை ஏறிய குற்றம்

காலை 5.40. சத்துவாச்சாரியில் எங்கள் தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆம்பூர் நண்பர் அன்வர் பாயின் ஆம்னி வேனில் நான், என் கணவர் சாமுவேல், ஒன்பது வயது மகள் எஸ்தர் மூவரும் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். 2003, தை மாதம். முந்தின நாள் சாவியைக் கொடுக்கும்போதே பாய் எச்சரித்திருந்தார்: "பிரேக் கொஞ்சம் கம்மி, ஹாரன் ஜாஸ்தி. மெதுவா ஓட்டுங்க பிரதர்."

கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. அதிலிருந்துதான் எல்லா வம்பும் ஆரம்பித்தது. என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் மேஸ்திரி. அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. நான் ஆஸ்பத்திரி நர்ஸ், எனக்கு ஆஃப் கிடைக்கும் நாளை நான் தீர்மானிப்பதில்லை. ஊருக்கெல்லாம் ஞாயிறு என்றால் எங்கள் வீட்டுக்கு வெள்ளிதான் ஞாயிறு. ஆலயத்துக்கு மட்டும் அவர் முறை மாற்றிக்கொண்டு வருவார். இந்தத் தடவை சனிக்கிழமைக்கும் ஒரு லீவு போட்டிருந்தார்.

எஸ்தருக்கு லீவு போட வேண்டிய அவசியமே இல்லை. ஏழு மாதமாக அவள் வீட்டில்தான் படிக்கிறாள். காலையில் நைட் டூட்டி முடிந்து வந்து தமிழும் அறிவியலும் நான் சொல்லித் தருவேன், சாயங்காலம் கணக்கு அவர். ஏன் இப்படி என்று கேட்காத ஆளில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சிரித்து மழுப்புவேன். இங்கே மழுப்பப் போவதில்லை. நான்காம் வகுப்பில் அவள் டீச்சர், "உங்கப்பா தோல் ஷெட்டா? அதான் இந்த நாத்தம். கடைசி பெஞ்சுல ஜன்னலோரம் போய் உக்காரு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு முழு பருவம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என் பிள்ளை. ஐந்தாம் வகுப்பு திறக்கும்வரை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்ன அன்றே நான் போய் சண்டை போட்டு அழைத்து வந்துவிட்டேன்.

ஆனால் அந்த வார்த்தையை அழைத்து வராமல் இருக்க முடியவில்லை, அது கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து இவர் வேலை விட்டு வந்ததும் இரண்டு முறை குளிக்கிறார். குளித்த பிறகும் பிள்ளையை மடிக்குக் கூப்பிடுவதில்லை. அவளும் போவதில்லை. 

இப்போது அதே பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் பழையபடி சேர்த்துக்கொள்வார்களாம், முழுப் பரீட்சை எழுதலாமாம். 'பழையபடி' என்றால் பழைய பெஞ்சா என்று நான் கேட்டனுப்பினேன். "ஊர் வாய மூட முடியுமா? அனுப்பிடலாம்" என்பது இவர் கட்சி. செத்தாலும் அனுப்ப மாட்டேன் என்பது என் கட்சி. மலையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது என்று ஏற்பாடு.

பக்கத்திலேயே இருபத்தைந்து கிலோமீட்டரில் அமிர்தி உயிரியல் பூங்கா இருக்கிறதே, அங்கே போய் மானைக் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பாடம் மான் இல்லை, கடுக்காய். ஆட்டுத்தோலை மரப்பட்டை போட்டுப் பதனிடுகிற ஷெட்டுகளில் கடுக்காய் வேண்டும். அது காய்க்கிற மரத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. முந்தின நாளே பாடத்தைத் தொடங்கிவிட்டோம். கடுக்காயை இடித்து ஊறவைத்து, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, கறுகறு என்று ஒரு புட்டி மை தயாரித்தாள். அதைப் பேனாவில் நிரப்பி, பயண நோட்டில் முதல் வரியும் எழுதிவிட்டாள். கூடவே பத்து விரலும் கறுத்துப்போயின. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை.

காலை 7.10. ஆம்பூர், வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நான்கு வழிச் சாலைக்காக இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்ததால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஊர் எல்லையில் அந்த வாடை வந்தது. முன்னால் போன சுற்றுலா பஸ்ஸில் ஜன்னல்கள் பட்பட்டென்று மூடின. எஸ்தரும் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளி மூடினாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. இவர் அதைப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார்.  உலகத்துக்கே ஷூ வேண்டும், பெல்ட் வேண்டும், பர்ஸ் வேண்டும். செய்கிறவன் மேல் வீசுகிற வாடை மட்டும் வேண்டாம். பாலாற்றை நாசமாக்கியது முதலாளிகளின் கழிவு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என் மகள் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டுமா?

காலை 8.50. வாணியம்பாடியில் இட்லி, மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தாறு ரூபாய். அங்கிருந்து ஆலங்காயம் சாலையில் திரும்பினோம். ஆலங்காயத்துக்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடையருகே ஜீப் ஒன்று குறுக்கே நின்றது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடுகிற குழு என்று துணிப் பேனர் சொன்னது. சஃபாரி சட்டை போட்ட ஒருவர் கையில் பெரிய ரெஜிஸ்டருடன் கை காட்டினார்.

அந்தக் குழுவின் மேல் எனக்குக் கோபமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் ஷெட் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த சின்னக் கைகளுக்கு வார்டில் கட்டுப் போட்டவள் நான். தேட வேண்டியதுதான். ஆனால் அவர் கண்ணால் ஒரு நிமிடம் எங்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை. பக்கவாட்டில் தோல் கம்பெனி பெயர் எழுதிய வேன். பின்னால் பாய் இறக்க மறந்த இரண்டு மூட்டை துண்டுத்தோல். நடுவில் கறுத்த விரல்களோடு ஒரு பெண் பிள்ளை. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது எங்கள் அறிவியல் பாடம்.

"பாப்பா, கையக் காட்டு" என்றார் குனிந்து, ரொம்ப அன்பாக. "பயப்படாத. எந்தக் கம்பெனிக்கு இட்டுனு போறாங்க?"

"என் பொண்ணு சார் அவ!" என்று நான் இறங்கினேன். "கடுக்காயில மை செஞ்சா. அந்தக் கறை."

"மையா? கடையில கெடைக்கிதே, அதப் போய் எதுக்கும்மா செய்யணும்?"

"பாடத்துக்கு."

"எந்த ஸ்கூல்?"

"வீட்டுல படிக்கிறா."

"டியூஷனா?"

"இல்ல சார். நாங்களே சொல்லித் தர்றோம்."

"அப்போ ஸ்கூலுக்குப் போறதில்ல" என்று ரெஜிஸ்டரைத் திறந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். ஒருவர், "இன்னா கேஸு?" என்று கேட்டார். "புள்ளைய வேலைக்கு இட்டுனு போறாங்கபா" என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"படிக்கிற பொண்ணுன்னா பதினாறாம் வாய்ப்பாடு சொல்லட்டும், பாக்கலாம்" என்றார் சஃபாரி.

நடுரோட்டில் நிற்க வைத்து வாய்ப்பாடு! எஸ்தர் சொன்னாள். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு வரை கணீரென்று சொன்னாள். அங்கே நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். மறந்ததால் இல்லை, அவமானத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"சத்துவாச்சாரியில படிக்கிறா சார், அஞ்சாவது" என்று அந்தப் பள்ளியின் பெயரையே சொன்னார். "உடம்பு சரியில்லன்னு லீவு. வீட்டுக்காரம்மா டென்ஷன்ல ஏதோ சொல்லிட்டாங்க."

"நீங்க இன்னா வேல?"

"ஆபீஸ் வேல. இது தோஸ்த் வண்டி."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? போங்க சார்." ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிப் பாடம் எடுக்கிற மனுஷர் இவர். சஃபாரிக்காரர் மேல் வந்த கோபத்தைப் போல் இரண்டு மடங்கு இவர் மேல் வந்தது எனக்கு.

காலை 10.20. காவலூர். மரங்களுக்கு மேலே வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. எத்தனையோ நாளாகக் காட்டுகிறேன் என்று சொல்லிவைத்த இடம். எஸ்தர் அதைப் பார்க்கவில்லை.

"அப்பா, நீ ஆபீஸ்லயா வேல செய்ற?"

இவர் கியரை மாற்றினார்.  மலை மேல் ஜமுனாமரத்தூர் வரை ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார்.

பிற்பகல் 2.00. அங்கே ஒரு திருச்சபைக்குச் சொந்தமான விருந்தினர் அறையில் தங்கினோம், ஒரு இரவுக்கு நூற்றைம்பது ரூபாய். வெயில் அடித்தாலும் காற்று சில்லென்று இருந்தது. சாமை வயல்கள் அறுவடை முடிந்து கிடந்தன. மலையையே ரசிக்க முடியாத அளவுக்கு எனக்கு மனசு கொதித்தது என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். இரவு முடிவெடுப்பதாக இருந்த பேச்சு சண்டையாகத் தொடங்கிப் பாதியில் நின்றது. "நீங்க மறைக்கிறத அவ ஏன் மறைக்கக் கூடாது?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

சனிக்கிழமை காலை 8.15. மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு சிற்றூருக்குப் போனோம். காளியம்மா என்கிற மலைக்காரப் பெண் வீட்டு முன்னால் கடுக்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே மரம். எஸ்தர் அண்ணாந்து பார்த்தாள், பொறுக்கினாள், கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு படி ஆறு ரூபாய் என்று இரண்டு படி வாங்கினேன்.

"மருந்துக்கா வாங்குறீங்க?" என்றார் காளியம்மா. "வருஷா வருஷம் மூட்டை மூட்டையா லாரில ஏத்தினு போறாங்க. இவ்ளோ பேருக்கா வயித்துல நோவு?"

"மருந்துக்குன்னு கொஞ்சந்தான் போவும்" என்றாள் எஸ்தர். "தோலுக்குப் போவுது. பச்சத்தோல அப்டியே வுட்டா அழுவிப் பூடும். ஆவாரம்பட்டயும் கடுக்காயும் போட்டு ஊறவச்சா அழுவாது, எத்தினி வருஷமானாலும் கெட்டுப் போவாது. ஷூவுக்குள்ள வெக்கிற தோலு, புக்குக்கு அட்ட போட்ற தோலு எல்லாம் அப்டித்தான்."

"அடி ஆத்தே! நான் ஒடிக்கிற காயா அதுக்குப் போவுது? ஒனக்கு யாரு சொன்னது?"

எஸ்தர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இவர் மரத்தடியில் எட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா. அவரு வேலையே அதான். ஆம்பூர்ல தோல் பதனிடுறாரு."

காளியம்மா எழுந்து போய், கூச்சமே இல்லாமல் இவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். அதிலும் அதே பழுப்புக் கறை. "தே, பாருங்க. ஒரே கடுக்கா, ஒரே கை!" என்று சிரித்தார். எஸ்தர் ஓடிப்போய் தன் கறுத்த விரல்களையும் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்தாள். ஏழு மாதத்தில் அவள் அப்பாவின் கையைத் தானாகத் தொட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. மரத்தைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

பிற்பகல் 2.40. இறங்கும்போது அதே டீக்கடை, அதே ஜீப். பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் கை காட்டவில்லை. இவராகவே வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"சார், நேத்து நான் பொய் சொல்லிட்டேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போறதில்ல, வீட்டுல படிக்கிறா. நான் தோல் ஷெட்ல மேஸ்திரி. திருத்தி எழுதுங்க."

சஃபாரிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் முதல் முறையாகப் பயம் தெரிந்தது. "அய்யோ சார், டோட்டல் போட்டாச்சு. ஒரு நம்பர் மாறினா மேல கேள்வி கேப்பாங்க, எனக்குப் பேஜாரு. அப்டியே இருக்கட்டுமே!"

இதைக் கேட்டதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! நேற்று என் பிள்ளையை நடுரோட்டில் வாய்ப்பாடு சொல்ல வைத்தது உண்மையைத் தெரிந்துகொள்ள என்றுதானே நினைத்தேன்? இன்றைக்கு உண்மையே நடந்து வந்து ஜீப் முன்னால் நிற்கிறது, அதற்கு இடமில்லையாம்! கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். டீக்கடையில் நேற்றைய ஆட்களில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். "சரிம்மா, கத்தாதீங்க. ஓரத்துல பென்சில்ல எழுதிக்கிறேன்." பென்சில் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நாங்கள் தலை மறைந்ததும் அழிக்க.

அவர் சட்டைப் பையில் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எஸ்தர் தன் பேனாவைத் திறந்தாள். ஜீப் பானட்டில் விரித்திருந்த ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, எங்கள் பெயருக்கு நேரே ஓரத்தில், அவசரமில்லாமல் எழுதினாள்: 'எஸ்தர், வயது 9. வீட்டில் படிக்கிறேன். அப்பா தோல் பதனிடுகிறார்.'

"பாப்பா, பாப்பா! இன்னா இது?" என்று அவர் கட்டை விரலால் அவசரமாகத் துடைத்தார். எழுத்து கொஞ்சம் இழுபட்டது, போகவில்லை. விரல் மட்டும் கறுத்தது.

"அழியாது சார்" என்றாள் எஸ்தர். "சோப்பு போட்டாலும் போவாது. நான் பாத்துட்டேன்."

மாலை 4.20. ஆம்பூர். வீடு சேரும்வரை கணக்குப் போட்டால் மொத்தம் இருநூற்று முப்பது கிலோமீட்டர், பெட்ரோல் அறுநூறு ரூபாய். பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்குக் கூட்டம். திங்கட்கிழமை பற்றி இவர் தானாகவே, "அந்த ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம், வுடு" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போனது. என்றாவது அவள் ஒரு பள்ளிக்குப் போவாள்தான், அதை நான் மறுக்கவில்லை. அது எந்தப் பெஞ்சு என்று அவள் சொல்வாள்.

பாய் வீட்டில் துண்டுத்தோல் மூட்டைகளை இறக்கிவிட்டு, வீடு போய்ச் சேர வண்டியை மறுபடி எடுத்தோம். நெடுஞ்சாலையில் ஏறும்போது காற்று திரும்பியது. முன்னால் போன காரில் கண்ணாடிகள் ஏறின. எஸ்தர் பின்சீட்டிலிருந்து முன்னால் எட்டி, ஓட்டிக்கொண்டிருக்கிற அப்பாவின் தோளில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள்.

"நாறுதா?" என்று கேட்டார் இவர். 

"நாறுது தான்ப்பா" என்றாள். அப்படியே தோளில் சாய்ந்துகொண்டாள். கண்ணாடியை யாரும் மூடவில்லை.