கற்பூரம் அடித்துக் கொடுத்த ஓட்டு

பூரணிக்கு ஐம்பது வயது ஆவதற்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அவள் வேலை பார்க்கும் பிரதேச சபையில் அறுபது வயதானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் பத்து வருஷமாவது நிரந்தரமாக இருந்தவர்களுக்குத்தான் பென்ஷன். தற்காலிகமாக எத்தனை வருஷம் ரோட்டைக் கூட்டினாலும் அது கணக்கில் சேராது. கூட்டிய குப்பையோடு குப்பையாக அதுவும் போய்விடும்.

தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே ஒரு சின்ன டவுன். அங்கே பஸ் நிறுத்தமும் மரக்கறிச் சந்தையும் பூரணியின் பொறுப்பு. முதல் பஸ் வருவதற்கு முன்னால் அவள் விளக்குமாறு வந்துவிடும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள்தான். அம்மாவைப் போலக் கொழுந்து பறிக்கப் போகாமல் சபை வேலைக்குப் போனாள் என்று லயத்தில் அப்போது ஒரு சிரிப்பு சிரித்தார்கள். குப்பை அள்ளவா பெத்து வளர்த்தா என்றார்கள். பூரணி பதில் சொன்னாள்: "முதுகுல கூடையைக் கட்டுனா மரியாதை, கையில கூடையைப் பிடிச்சா கேவலமா? இது அரசாங்க வேலை. வயசானா பென்ஷன் வரும்."

அந்தப் பென்ஷன் ஆசை சும்மா வந்ததில்லை. அவளுடைய அம்மா வயதாகி, தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டபோது சேமலாபக் காசு மொத்தமாக வந்தது. வந்த கையோடு தம்பி கல்யாணத்தில் பாதியும் கூரை வேலையில் மீதியும் போனது. அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரு வெற்றிலைக்குக்கூட மகன் முகத்தைப் பார்த்துத்தான் இருமுவாள். ஆனால் அதே லயத்தில் தொங்கல் காம்பராவில் ராக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கழுவித் துடைத்து, பென்ஷனோடு வந்தவள். மாதம் பிறந்தால் அவள் மருமகள் "மாமி, தேத்தண்ணி ஊத்தவா மாமி" என்று கேட்பது லயம் முழுக்கக் கேட்கும். பென்ஷன் பெரிய பணமில்லை. ஆனால் மாதாமாதம் வரும். அந்த "ஊத்தவா மாமி" என்ற குரல்தான் பூரணியின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வட்டாரத்தில் இரண்டு பேருக்குத்தான் போட்டி. ஒருத்தர் பெரிய கட்சி ஆள். அவர் பஸ் நிறுத்தத்தில் மேசை மேல் ஏறி நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: நான் வந்தால் முதல் கூட்டத்திலேயே தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்க ஆதரவு கொடுப்பேன். இன்னொருத்தன் விஜிதரன். தோட்டத்துச் சந்தியில் சில்லறைக் கடையும் ஒரு வேனும் வைத்திருப்பவன். சுயேச்சைக் குழுவில் நின்றான், சின்னம் கேத்தல். தேத்தண்ணி போடும் அதே கேத்தல்தான். அந்தக் குழு சொன்னது வேறு. குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொந்தராத்துக்கு விட்டால் டவுன் சுத்தமாகும், சபைக்குச் சம்பளச் சுமை குறையும் என்றார்கள். கடைக்காரர்கள் கை தட்டினார்கள். சந்தை நாற்றம் அவர்களுக்குத்தானே தெரியும்.

கொந்தராத்து என்றால் பூரணிக்கு நிரந்தரமும் இல்லை, பென்ஷனும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

காலை வேலை முடிந்து ஹுசைன் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ரொட்டி தின்னும்போது இதுதான் பேச்சு. பூரணியோடு சந்தை கூட்டும் லோஜினிக்கு முப்பது வயது, வாய் ஜாஸ்தி.

"இந்தத் தடவை ரெண்டாவது பேச்சே கிடையாது. கேத்தலுக்குப் புள்ளடி போட்டா நம்ம வயித்துல நாமளே வெந்நி ஊத்திக்கிறதுதான்" என்றாள்.

பூரணி ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தாள்.

"என்ன பூரணி, சத்தத்தக் காணோம்? சம்பல் உறைக்குதா?" என்றார் ஹுசைன் நானா.

"நான் கேத்தலுக்குத்தான் போடணும் நானா."

லோஜினிக்குத் தேத்தண்ணி புரை ஏறியது. "அக்கா! வெளையாடுறீங்களா?"

"வெளையாட்டு இல்ல புள்ள. கற்பூரம் அடிச்சிட்டேன்."

கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன் பூரணியின் கணவன் பொன்னையா கண்டி ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அடை மழை. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. பிரேதத்தை ஏற்ற ஒரு வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. பிரேதம் ஏறிய வேனில் பிறகு கல்யாணத்துக்கு யார் ஏறுவார்கள்? விஜிதரன்தான் கூப்பிடாமலே வந்தான். சுற்று வழியாகப் போய், சரிந்த மண்ணைத் தானும் இறங்கி வெட்டித் தள்ளி, பொன்னையாவை லயத்து வாசலில் கொண்டுவந்து இறக்கினான். வாடகை வாங்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவன் வேனை ஒருவரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடவில்லை. அதையும் அவன் சொல்லிக் காட்டவில்லை.

கருமாதி முடிந்த அன்று பூரணி அவனை மேட்டில் இருக்கும் முனியாண்டி கல்லுக்குக் கூட்டிப்போனாள். அந்த வருஷம் அவன் கோயில் கமிட்டித் தலைவர் தேர்தலில் நின்றிருந்தான். அவள் வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் கையை அடித்துச் சொன்னாள்: "நீ எதுல நின்னாலும், நான் உசிரோட இருக்கிற வரைக்கும் என் ஓட்டு உனக்குத்தான்."

கோயில் கமிட்டியோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வருஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். அழுகிற வாய்க்கு அளவு தெரியுமா? எதுல நின்னாலும் என்று சொல்லிவிட்டாள்.

"அதுக்கென்ன, ஓட்டுப் போடுற மறைப்புக்குள்ள முனியாண்டி வந்து எட்டியா பாக்கப்போறாரு?" என்றாள் லோஜினி.

"நான் அங்கதானே புள்ள நிப்பேன். எனக்குத் தெரியாதா?"

ஹுசைன் நானா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். "சத்தியத்த வாங்கினவன் விட்டா விட்டதுதானே? அவன்கிட்டயே போய்க் கேளும்மா."

அதுவும் முறைதான். சத்தியம் வாங்கியவன் அதே கல்லுக்கு வந்து, கற்பூரத்தை ஏற்றித் தன் கையாலேயே வெற்றிலையால் மூடி அணைத்து, விட்டேன் என்று மூன்று தரம் சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும். பூரணி அன்று மாலையே விஜிதரன் கடைக்குப் போனாள். கடை முழுக்கக் கேத்தல் படம். பருப்பு மூட்டையில்கூட ஒன்று ஒட்டியிருந்தது.

"வாங்கக்கா, வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல தம்பி. சத்தியத்த விட்டுக் குடு. இல்லாட்டி கொந்தராத்த விடு. ரெண்டுல ஒண்ணு."

விஜிதரன் தலையைச் சொறிந்தான். "கொந்தராத்து என் முடிவு இல்லக்கா. குழு முடிவு. நான் ஒருத்தன் என்ன செய்ய?"

"அப்ப சத்தியத்த விடு."

"விடுறேன்க்கா. கட்டாயம் விடுறேன். தேர்தல் முடியட்டும், மறுநாளே கல்லுக்கு வாறேன்."

"பஸ்ஸு போனப்பறம் எனக்கு டிக்கட் எதுக்குடா?"

"அக்கா, நீங்க ஒரு ஓட்டுன்னா பரவாயில்ல. நீங்க மாறுனா உங்க மேல்லயத்துச் சனம் அப்படியே மாறும். அது உங்களுக்கே தெரியும். பயப்படாதீங்க, நான் உங்களப் பாத்துக்குவேன்."

"நீ பாத்துக்கிறதுக்கு நான் என்ன கோழிக்குஞ்சா? எனக்குப் பென்ஷன் வேணும்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "சரி, கேட்டுக்க. என் ஓட்டத்தான் உனக்குக் குடுத்தேன். வாயக் குடுக்கல."

மறுநாளிலிருந்து அவள் லயம் லயமாக ஏறி இறங்கினாள். கேத்தலுக்குப் போடாதீங்க, போட்டா என் வேலையும் போகும், லோஜினி வேலையும் போகும் என்று ஒவ்வொரு காம்பராவிலும் சொன்னாள். நீ யாருக்குப் போடுறே என்று கேட்டவர்களிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"நான் கேத்தலுக்குத்தான். எனக்குச் சத்தியம். உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க மாத்திப் போடுங்க."

காரியம் கெட்டது அங்கேதான். அவள் தலை மறைந்ததும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு கிளம்பியது. இவ மட்டும் கேத்தலுக்குப் போடுவாளாம், நம்மளப் போட வேணாங்குறாளாம், உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு என்றாள் ஒருத்தி. சபையில வேலை பாக்கிறவ, அவளுக்குத் தெரியாதா எது லாபம்னு என்றாள் இன்னொருத்தி. பூரணி வாயால் சொன்னதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கை போகிற பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

தேர்தல் அன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை. பூரணி தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மறைப்புக்குள் நின்று, கேத்தலைத் தேடிப் பிடித்து, பக்கத்துக் கட்டத்தில் புள்ளடியை அழுத்திப் போட்டாள். காகிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டாள். வெளியே லோஜினி நின்றாள்.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"பென்ஷனுக்கு ஒரு மாலையையும் வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

விஜிதரன் ஜெயித்தான். மேல்லயம்தான் தூக்கிவிட்டது என்று பட்டாசு வெடித்தார்கள். அந்தப் பட்டாசுக் காகிதத்தையும் மறுநாள் காலையில் பூரணிதான் கூட்டினாள்.

சபையில் கொந்தராத்துப் பேச்சு எடுத்த அன்று தற்காலிக ஊழியர்கள் எல்லோரும் போய்ப் பின்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார்கள். சபைத் தலைமையில் இருந்த தவிசாளர், ஆதரவானவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார். மளமளவென்று கைகள் ஏறின. விஜிதரன் ஒரு தரம் திரும்பிப் பூரணியைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். முழுக்கத் தூக்கவில்லை, காதைச் சொறிகிறவன் மாதிரி பாதி.

"ஒழுங்காத் தூக்குங்க உறுப்பினரே, எண்ண வேண்டாமா?" என்றார் தவிசாளர்.

ஒழுங்காகத் தூக்கினான். கொந்தராத்து நிறைவேறியது. கொந்தராத்துக்காரர் பழைய ஆட்களையே எடுத்துக்கொண்டார். அதே ரோடு, அதே தள்ளுவண்டி. மேல்சட்டையின் நிறம்தான் மாறியது. அந்த மழைக்காலத்தில் பூரணிக்கு ஐம்பது ஆனது. பென்ஷன் என்ற பேச்சு அவளைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. அழுதாளா என்று கேட்டால், அழுதாள். மகனும் மருமகளும் பார்க்காத நேரமாகப் பார்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜிதரன் லயத்துக்கு வந்தான். கையில் தேங்காய், வெற்றிலை, ஒரு பெட்டி கற்பூரம்.

"வாங்கக்கா, கல்லுக்குப் போவோம். விட்டுர்றேன். எனக்கு மனசு சரியில்ல."

பூரணி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "நான் இப்பக் கேட்டேனா?"

"அன்னைக்குக் கேட்டீங்களே அக்கா."

"அன்னைக்குக் குடுத்திருந்தா வாங்கியிருப்பேன். இப்ப எனக்கு வேணாம்."

"ஏன்க்கா?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "லோஜினி அடுத்த தடவை உனக்குப் போட மாட்டா. மேல்லயத்துக்காரங்களும் இப்பவே திட்டுறாங்க. போன ஓட்டு போச்சுன்னு நீ அவங்க மூஞ்சியப் பாக்காம நடப்ப. எனக்குத் தெரியாதா? ஆனா நான் போக மாட்டேன். நான் சாகுற வரைக்கும் உன் ஓட்டு. என் மூஞ்சியப் பாக்காம நீ எங்க போவ?"

விஜிதரன் தேங்காயைக் கை மாற்றிப் பிடித்தான்.

"கொந்தராத்துக்கு வருஷா வருஷம் கை தூக்கணுமாமே. எனக்கு வயசு போச்சு, விடு. லோஜினிக்கு முப்பதுதான். அவளும் அவ கூட உள்ளவளுகளும் நிரந்தரமாகட்டும். அன்னைக்கு நானே உன்னக் கல்லுக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்பத் தேங்காய எடுத்துட்டுப் போ, கொழம்புக்காவது ஆகும்."

அதிலிருந்து ஒவ்வொரு காலையும் சந்தியைக் கூட்டிக்கொண்டு அவள் விஜிதரன் கடைவாசலுக்கு வருவாள். அந்தச் சந்தி அவள் பகுதியே இல்லை. ஆனாலும் கூட்டுவாள். கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்பாள்: "உறுப்பினரே, உங்க ஓட்டு வந்திருக்கு. சொகமா இருக்கீங்களா? கை வலி எப்படி?"

சனம் சிரிக்கும். அவன் கடையைத் தாமதமாகத் திறந்து பார்த்தான். அவள் மறுமுனையிலிருந்து கூட்டத் தொடங்கி, கதவு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தான். ஹுசைன் நானா கடையில் குடிச்சாச்சு என்று சொல்லிவிட்டாள். திட்டினால் தேவலை என்று ஹுசைன் நானாவிடம் போய்ப் புலம்பினானாம். "திட்டுறவங்களுக்குப் பதில் சொல்லிரலாம் தம்பி, இது ஓட்டாச்சே" என்றாராம் அவர்.

கொந்தராத்து அடுத்த மாதம் மறுபடி சபைக்கு வருகிறது. விஜிதரன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. குழுக்காரர்கள் கடைக்கு வந்து வந்து போகிறார்கள். அன்று கொண்டுவந்த கற்பூரப் பெட்டியை அவன் சவர்க்காரம் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். கோயிலுக்குப் போகிற ஒருத்தி காசை நீட்டியபோது, அது விக்கிறதுக்கில்லை என்றானாம்.

பூரணி அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றாள்.

"சும்மா வெச்சா கரைஞ்சு போயிரும் தம்பி. நாலு மிளகு போட்டு மூடி வை" என்று சொல்லிவிட்டு, மீதி வாசலையும் கூட்டிக்கொண்டு போனாள்.