வாளியில் இறுகிய தலைவர் உரை

இயந்திரங்களைத் தரையோடு பிடித்துவைப்பது பிசினக்காவின் வேலை. இயந்திரத்தின் அடித்தட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எபாக்சி என்னும் பிசினைக் கலந்து ஊற்றுவாள். கலந்துவிட்டால் அது யாருக்கும் காத்திருக்காது; வாளியிலேயே சூடேறி இறுகத் தொடங்கிவிடும். உள்ளே பொந்து விழுந்தால் இயந்திரம் ஆட்டம் போடும், ஒருநாள் போல்ட் தெறிக்கும்.

புதிய கம்ப்ரசர் வந்தது. அதை ஓட்டப்போகிறவன் அவள் கணவன். முதல் வாளியை மட்டும் நிறுவனத் தலைவர் தம் பொற்கரங்களால் ஊற்றுவதாக ஏற்பாடு. சிமென்ட் தூசி பட்டறியாத கரங்கள். பொன்னாக இருந்ததில் வியப்பில்லை.

"அவர் பேசி முடிச்சதும் கலக்குறேன் சார்."

"அவரைக் காக்க வைப்பியா? வாளி ரெடியா இருக்கணும்!" என்றார் மேலாளர்.

கலந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார். உழைப்பாளிகளே நிறுவனத்தின் அஸ்திவாரம் என்றார். அஸ்திவாரம் வெயிலில் நின்றது. தம் இளமை, தம் எளிமை, மகனின் வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்சு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. வாளியோ கைவைக்க முடியாமல் சுட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் வாளியைச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தார். கெட்டிக் களியாக ஒரு கட்டி மட்டும் எட்டிப் பார்த்தது.

மேலாளர் அவள் காதருகே சீறினார். "சுரண்டி உள்ள தள்ளு. மேல வழவழன்னு பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"பக்கத்துல நிக்கப்போறது எம் புருஷன் சார். மாட்டேன்."

"மானத்த வாங்காதே!"

கூட்டத்திலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "பூசி மெழுகினா நான் சுவிட்சு போட மாட்டேன். வேணும்னா ஐயாவே போட்டுட்டுப் பக்கத்துல நிக்கட்டும்."

தலைவர் சட்டென்று பின்வாங்கினார். பொறியியல் அவருக்கு அவ்வளவு விரைவில் புரிந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. "புதுசாவே கலக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு அருளினார். இறுகிய வாளியோடு படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பிசினக்கா மறுபடி கலந்தாள். காற்று உள்ளே சிக்காதபடி ஒரே பக்கத்திலிருந்து நிதானமாக ஊற்றினாள். பாதியில் மேலாளர் இடைநீக்க உத்தரவை நீட்டினார். குற்றம்: தலைவருக்கு அவமரியாதை.

"கையெழுத்துப் போடு."

அவள் நிமிரவில்லை, மறுபக்கம் எபாக்சி தலைகாட்டுகிறதா என்று கணவனைப் பார்க்கச் சொன்னாள்.

"ஓரமா வைங்க சார். இது இறுகிடும். உங்க காகிதம் இறுகாது."