இந்தியில் நான் சொன்ன வியாழக்கிழமை

என் தங்கையின் கலியாணம் வெள்ளிக்கிழமை காலை. அவளுக்குச் சட்டை தைப்பிக்க, அரியாலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த வடநாட்டுப் புடைவை வியாபாரியின் மனைவியிடம் போனேன். அவர் அழகாகத் தைப்பார். ஆனால் இந்தி மட்டுமே பேசுவார். நானும் மாலை வகுப்பில் கொஞ்சம் இந்தி படித்திருந்தேன். அளவுச் சட்டையைத் துணிக்குள் சுருட்டிக் கொடுத்து, “குருவார் தக் ரக்கியே” என்று பெருமையோடு சொன்னேன். வியாழனுக்குள் தைத்து வையுங்கள் என்பது என் எண்ணம். அவர் தலையாட்டினார். நான் உறவினருக்குக் கலியாணம் சொல்லக் கொடிகாமம் போய்விட்டேன்.

வியாழன் காலை வந்து கேட்டபோது, கொடுத்த சுருளை அப்படியே அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். அவசரமாக விரித்துப் பார்த்தேன்.

“ஐயோ, நாளைக்குக் கலியாணம்! இன்னும் வெட்டவே இல்லையே!” என்றேன்.

ஓரளவு தமிழ் தெரிந்த அவருடைய கணவர் விளக்கினார்: “அம்மா, வியாழன் வரை வைச்சிரு எண்டுதானே நீங்க சொன்னது. அவ பத்திரமா வைச்சிருந்தா.”

தைக்கத்தான் கொடுத்தேன் என்று கணவர் இந்தியில் விளக்கியதும் அந்த அம்மா தலையில் கை வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே பாயை விரித்துத் துணியை வெட்டத் தொடங்கினார். நான் ஓரம் மடித்தேன். தங்கையே வந்து பொத்தான் வைத்தாள். பொழுதுபடுமுன் சட்டை முடிந்துவிட்டது.

“வடிவாயிருக்கு, அக்கா!” என்று அதைப் போட்டுப் பார்த்த தங்கை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் எந்த மொழியிலும் முதலில் வேலையைச் சொல்லிவிட்டுத்தான் நாளைச் சொல்கிறேன். அந்த அம்மாவும் என்னிடம் தமிழ் படிக்கிறார். போன கிழமை இன்னொரு துணியோடு போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே தமிழில் கேட்டார்: “தைக்கவோ, வைக்கவோ?”