நிறைந்த அணை, காய்ந்த கால்வாய்

2022 செப்டம்பர் 14, புதன்கிழமை, காலை 10.40. மேகமூட்டம், காற்றும் இல்லை, மழையும் இல்லை. அணை நிரம்பியிருந்தது. அதன் மதகுக்குக் கீழே, கால்வாயில் நாங்கள் டர்பைன் வைக்கச் சொல்லியிருந்த இடத்தில், பதினோரு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சொட்டுத் தண்ணீர் இல்லை.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், தொம்மலூரில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். பீன்யாவில் வார்ப்புப் பட்டறை நடத்தும் செல்வராஜ், பட்டறையை அடமானம் வைத்து இந்த அணையில் சிறிய மின்நிலையம் கட்ட நினைத்து, பத்திரத்தை வங்கியில் கொடுத்திருந்தார். பாசனத்துக்கு விடும் தண்ணீரே டர்பைனைச் சுற்றும். மாத சராசரி டிஸ்சார்ஜ், அதாவது கால்வாயில் விடும் தண்ணீர், நொடிக்கு எட்டு கன மீட்டர் என்று எடுத்து, அதற்கேற்ற டர்பைனை எங்கள் அறிக்கையில் போட்டிருந்தோம்.

மதகுப் பணியாளரிடம் கன்னடத்தில் விசாரித்தேன். வயல்களுக்கு முறை வைத்து விடுகிறார்கள்: பதினைந்து நாள் திறப்பு, பதினைந்து நாள் அடைப்பு. திறந்தால் பதினாறு, அடைத்தால் பூஜ்யம். எட்டு என்பது எந்த நாளும் அங்கே ஓடியதில்லை. எங்கள் டர்பைன் பாதி நாள் சும்மா நிற்கும். மீதி நாள் பாதித் தண்ணீர் பக்கத்தில் வழிந்து போகும். வருமானம் சரிபாதி. எனக்குப் பயத்துக்கு முன்னால் வியப்புதான் வந்தது.

நிறுவனத் தலைவர் பிரகாஷ் ரசிக்கவில்லை.

“டேட்டா இரிகேஷன் டிபார்ட்மென்ட் குடுத்தது சார். யாவரேஜ் தப்பில்லையே? உங்கள யாரு ஆடு எண்ணச் சொன்னது?”

“தப்பில்லை. ஆனா யாவரேஜ்ல டர்பைன் சுத்தாது.”

வேண்டுமானால் நீங்களே கிளையண்ட்டிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். சொன்னேன். பெரிய மெஷினாகப் போட்டால் என்ன என்று செல்வராஜ் கேட்டார். செலவு ஏறும், அதுவும் பாதி நாள் நிற்கும் என்றேன்.

“மெஷின் தூங்கும், பேங்க் வட்டி தூங்காதுங்களே சார்” என்றார். பிறகு, “அந்த அணையில தினமும் தண்ணி போற வழி ஒண்ணுகூடவா இல்ல?” என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. மறுவாரம் போய்ப் பார்த்தேன். கீழேயுள்ள நகரத்தின் குடிநீருக்காக ஆற்று மதகு வழியே தினமும் கொஞ்சம் திறக்கிறார்கள். நொடிக்கு இரண்டு கன மீட்டர், ஆண்டு முழுவதும். அதற்கு ஒரு சிறிய யூனிட் போதும் என்று புதிய அறிக்கை எழுதினோம். கையிருப்பிலேயே முடித்துவிடலாம் என்று செல்வராஜ் பட்டறைப் பத்திரத்தை வங்கியிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான்: சராசரி எண் ஒன்று கைக்கு வந்தால், அந்த அளவு எந்த நாளில் ஓடியது என்று கேளுங்கள்.

எங்கள் கட்டணம் திட்ட மதிப்பில் சதவீதக் கணக்கு. மதிப்பு சுருங்கியதில் என் பங்கில் ரூபாய் 1,18,400 குறைந்தது.